பெட்டியின் நிலை

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெட்டியை டிராலியில் ஏற்றிவிட்டார்கள். இன்னும் பத்தடி தள்ளியிருந்தால் சூட்டு அறைக்குள் போயிருக்கும்.

“அடியில பூச்சி அரிச்சிருக்குது சார். பேலட்டோட சேத்து ஒரு ரவுண்டு ஹீட் குடுத்துட்டா செத்துடும்ல?” என்றார் சேம்பர் ஆபரேட்டர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பூச்சிக்கு எங்கள் யார்டில் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். இருங்காட்டுக்கோட்டையில் நான் வேலை பார்ப்பது ஒரு மரப் பேக்கிங் யார்டில். பேலட், கிரேட், இயந்திரங்களைத் தாங்கும் கனத்த கட்டைகள், இவற்றைச் செய்து சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறோம். வெளிநாடு போகும் பேக்கிங் மரம் எதுவானாலும் ‘ஐ.எஸ்.பி.எம். 15’ என்ற விதிக்கு உட்பட வேண்டும். மரத்தோடு பூச்சியும் நாடு கடந்து போய்விடக் கூடாது என்பதற்காக 2002இல் வந்த உலக விதி அது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். பிறகு கதிர்ச் சின்னம் போட்ட முத்திரை. முத்திரை இல்லாத பேலட்டைத் துறைமுகத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

ஆனால் டிராலியில் இருந்தது பேலட் அல்ல. பிரான்ஸில் செய்த சுருட்டுப் பெட்டி. அதை ஒட்டி வைத்திருந்தது ஃபெவிகாலும் அல்ல, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம். ஈரச் சூட்டில் வஜ்ஜிரம் இளகும். அரை மணி நேரத்தில் பூச்சி செத்திருக்கும். கூடவே மேலே ஒட்டிய வினியர் சுருண்டு, பதித்த பித்தளைப் பட்டை எழும்பி, பெட்டியும் செத்திருக்கும்.

டிராலியை நிறுத்தச் சொல்லி, பெட்டியை என் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதைக் கொண்டுவந்திருந்தவர் இந்த ஊர் அம்மா ஒருவர். அறுபதைத் தாண்டியவர். “பையன் பிரான்சுல இருக்கான் தம்பி, லியோன்ல. வீடு வாங்கிட்டான். அந்தப் பொட்டிய அனுப்பும்மான்றான். அனுப்புறதுக்கு முன்னாடி நல்லா தேச்சு, பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிக் குடுக்கணும். எவ்ளோ ஆவும்?”

நான் தொகை சொல்லவில்லை. “முதல்ல கண்டிஷன் ரிப்போர்ட் எழுதணும்மா. ஒரு மாசம் டைம் குடுங்க” என்றேன். ஒரு மாதமா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

*

திருச்சியில் வரலாறு படித்தேன். படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. புதுச்சேரிப் பக்கம் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். அங்கே ஒரு வயதான தச்சர், கணக்கு நோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு எனக்கு மரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு இங்கே வந்தேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கினால் கண்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் மட்டுமே நகர்கிற ஊர். பெயரைப் பிரித்தால் இருண்ட காடும் வருகிறது, கோட்டையும் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது 1998இல் கார் ஓட ஆரம்பித்த ஹூண்டாய் ஆலையும், சில ஞாயிறுகளில் பந்தயத் தடத்திலிருந்து எழும் இரைச்சலும்தான்.

இங்கிருந்து போகிற எந்தப் பொருளிலும் கீறல் இருக்கக் கூடாது. கீறல் என்றால் ரிஜெக்ட். பழைய பொருளுக்குக் கணக்கு வேறு. அதன் மேல் இருக்கிற ஒவ்வொரு கீறலும் யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தியதற்கான தடயம். பெட்டியை வைத்திருந்தவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. கல்வெட்டு வெட்டவில்லை. அவர்கள் விட்டுப்போனது அந்தக் கீறல்களை மட்டும். நிலை அறிக்கை என்பது குறைகளின் பட்டியல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் அதை வரலாறாகத்தான் எழுதிப் பழகினேன்.

முதலில் வெளிப்புறம். நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. மேலே கருஞ்சிவப்பில் கறுப்பு வரியோடும் ஈட்டி மர வினியர். மூடியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பித்தளைப் பட்டை, நடுவில் முத்துச்சிப்பி பதித்த நீள்வட்டம். பிரான்ஸை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், அதாவது 1852க்கும் 1870க்கும் இடையில், பணக்கார வீடுகளில் விரும்பி வாங்கப்பட்ட பாணி இது. பாரிஸில் தஹான் என்ற பட்டறை இந்த மாதிரிச் சிறு பெட்டிகளுக்கே பேர்போனது, பேரரசருக்கே செய்து கொடுத்தது. நம் பெட்டியின் பூட்டுத் தகட்டில் பட்டறைப் பெயர் எதுவும் இல்லை. ‘பாரிஸ்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் பொறித்திருக்கிறது.

வலது மூலையில் பித்தளைப் பட்டை இரண்டு விரல் நீளத்துக்கு எழும்பி நிற்கிறது. காரணம் எளிது. மரம் நீளவாக்கில் அசையாது. அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து ஊதும், உலர்ந்தால் சுருங்கும். பித்தளைக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. ஒன்று அசைந்துகொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பது அசையாமல் இருந்தால் இடையில் இருக்கிற பசைதான் விட்டுக்கொடுக்கும். வினியரை நகத்தால் தட்டிப் பார்த்தேன். ஒட்டியிருக்கிற இடத்தில் ‘டக்’ என்று கேட்கும், விட்டுப்போன இடத்தில் காலிப் பானை மாதிரி ஓசை வரும். மூடியில் உள்ளங்கை அளவுக்கு அந்த ஓசை வந்தது. “ஏசி ரூம்லயா வெச்சிருந்தீங்க?” என்று அம்மாவை போனில் கேட்டேன். பையன் ஊருக்கு வந்தபோது ஒரு அறைக்கு ஏசி போட்டதாகவும், அன்றிலிருந்து பெட்டி அங்கேதான் இருப்பதாகவும் சொன்னார். ராத்திரி முழுக்க உலர்ந்த காற்று, பகல் முழுக்க நம் ஊர்க் காற்று. பல பத்தாண்டுகள் மழையும் வெயிலும் செய்யாததைச் சில வருட ஏசி செய்துவிட்டது.

அடுத்தது பாலிஷ். மூடியின் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்தேன். மேற்பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டியது. அப்படியென்றால் அது அரக்கு. இன்றைய மெலமைனோ பி.யூ. பூச்சோ ஸ்பிரிட்டுக்கு அசையாது. உலகம் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்று சொல்கிற அந்தப் பளபளப்பு, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் நூறு முறை, இருநூறு முறை தேய்த்துத் தேய்த்து வரவழைப்பது. அந்த அரக்கு பிரான்ஸில் விளைகிற பொருள் அல்ல. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விட்டுவைக்கிற பிசின். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு அது பெரும்பாலும் கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாகத்தான் போனது. வேலைமுறை அவர்களுடையது, சரக்கு நம்முடையது.

பாலிஷின் மேல் வெள்ளையாக ஒரு வட்டம். அளவெடுத்துப் பார்த்தேன். நம் வீட்டு டபராவின் அடிப்பாகம் சரியாகப் பொருந்துகிற அளவு. அரக்குக்குச் சூடும் ஈரமும் ஆகாது, வெளிறிப் போகும். பாரிஸ் பெட்டியின் மேல் யாரோ சூடாகக் காபி வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் அதையும் எழுதினேன்.

*

உள்ளே திறந்தால் இப்போதும் ஒரு வாசனை வருகிறது. புகையிலை வாசனை எப்போதோ போய்விட்டது. இருப்பது மரத்தின் வாசனை. சுருட்டுப் பெட்டிகளின் உட்புறத்துக்குப் போடுகிற மரத்தை ‘ஸ்பானிஷ் செடார்’ என்பார்கள். உண்மையில் அது தேவதாரு இனமே இல்லை. மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம், தாவரவியல் கணக்கில் நம் வேப்ப மரத்தின் குடும்பம். வேப்பிலையைப் புத்தகத்தில் வைத்த பாட்டிகளுக்கும், சுருட்டைச் செடாரில் வைத்த பாரிஸ்காரர்களுக்கும் ஒரே குடும்பத்து மரம்தான் பாதுகாப்பு. பெட்டியின் அடிப்பலகையில் இருபத்தேழு துளைகள் எண்ணினேன். செடார்ப் பலகையில் ஒன்றுகூட இல்லை.

துளைகள் புதியவையா பழையவையா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்காகத்தான் ஒரு மாதம் கேட்டேன். கறுப்புச் சார்ட் பேப்பரை விரித்து, நான்கு சிறு கட்டைகளின் மேல் பெட்டியை வைத்தேன். உள்ளே உயிருள்ள வண்டு இருந்தால் மாவு மாதிரி உளு கொட்டும். முப்பது நாளும் காலையில் வந்ததும் முதல் வேலை அந்தப் பேப்பரைப் பார்ப்பதுதான். ஒரு துளி மாவுகூட விழவில்லை. துளைகளின் உட்புறமும் அழுக்கேறிக் கறுத்திருந்தது. வண்டுகள் எப்போதோ தின்று முடித்துப் பறந்துவிட்டன.

இந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டது? சுருட்டு கெடாமல் இருக்கக் காற்றில் ஏறக்குறைய 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். கியூபாவில் அது இயல்பாகவே இருக்கிறது. பாரிஸ் குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய அறையில் காற்று காய்ந்துவிடும், சுருட்டு மொறுமொறுவென்று உதிரும். அதனால் வெப்பநாட்டுக் காற்றைக் கொஞ்சம் பெட்டிக்குள் பிடித்து வைக்கத்தான் இந்த இறுக்கமான மூடி, இந்தச் செடார். சென்னைப் பக்கத்திலோ வருடத்தின் பெரும்பகுதி வீடே அந்த ஈரத்தில்தான் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பெட்டிக்கு அதன் சொந்த வேலை இல்லாமல் போய்விட்டது.

மூடியின் உட்பக்கம் ஒரு கண்ணாடி. ஓரங்களில் ரசம் போய்க் கறுப்புத் திட்டுகள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர். 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கியவர். அடுத்த வருடம், 1665இல், வெனிஸ் கண்ணாடிக்குப் போட்டியாக அரசுக் கண்ணாடிப் பட்டறையைத் தொடங்க வைத்தார். 1674இல் பிரான்ஸில் புகையிலை விற்பனை மன்னரின் ஏகபோகமானது, அதுவும் அவர் காலத்தில்தான். அதே 1674இல்தான் அவருடைய கம்பெனியின் ஆள் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். அந்தக் கண்ணாடிப் பட்டறைதான் பிறகு செயின்ட் கோபைன் ஆனது. அதன் ஆலை இன்று எங்கள் யார்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில் ஓடுகிறது. இந்தப் பெட்டியின் கண்ணாடி அவர்கள் செய்ததென்று நான் சொல்ல வரவில்லை. கண்ணாடி, புகையிலை, கப்பல் என்று மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துக் கணக்குப் போட்ட ஒரு அரசு இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

புகையிலை ஏகபோகம் பிரெஞ்சுப் புரட்சியில், 1791இல் போனது. 1810இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஸ்பெயினுக்குள் புகுந்த அவருடைய படைவீரர்கள் அங்கே சுருட்டுப் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதுவரை பிரான்ஸில் பொடியும் பைப்பும்தான் வழக்கம். அடுத்த ஐம்பது வருடத்தில் சுருட்டு பெரிய மனிதர்களின் அடையாளமானது, அதற்கென்று தனிப் பெட்டியும் வந்தது.

*

அப்படியொரு பெட்டி இருங்காட்டுக்கோட்டைக்கு எப்படி வந்தது? அம்மா சொன்ன கதை இது.

அவருடைய அம்மா புதுச்சேரிக்காரர். அந்த அம்மாவின் தாத்தா சைகோனில் சுங்க இலாகாவில் குமாஸ்தா. அந்தக் காலப் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் இது அபூர்வம் இல்லை. 1881 ஆணைப்படி, இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, தங்கள் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டால் முழுப் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆகலாம். அப்படித் துறந்தவர்களில் பலர் இந்தோசீனாவில் அரசு வேலைக்குப் போனார்கள். படைக்குப் போனவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். சைகோனில் ஒரு வெள்ளைக்காரத் துரை வேலை முடிந்து ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானை ஏலம் போட்டாராம். தாத்தா இதை எடுத்தாராம். சுருட்டுப் பிடிக்காதவர். மனைவியின் நகைக்காக எடுத்தார் என்பது வீட்டுப் பேச்சு.

செடார்ப் பலகையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. சுருட்டுகளைத் தனித்தனியாக நிறுத்தும் தட்டு ஒன்று மேலே இருந்திருக்க வேண்டும். அது தங்கியிருந்த காடி மட்டும் மிச்சம், தட்டு இல்லை. அடியில் சிவப்பு வெல்வெட் துணியை யாரோ கையால் தைத்து, மாவுப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு முன்பு புதுச்சேரி எல்லையைத் தாண்டி எதைக் கொண்டுவந்தாலும் சுங்கச் சோதனை. “எங்கம்மா கல்யாணம் அதுக்கு அடுத்த தையில. சோதனைச் சாவடியெல்லாம் எடுத்துட்டாங்க, சீர் வண்டிய யாரும் நிறுத்தலன்னு சொல்லும்” என்றார். பெட்டி அப்படித்தான் ஏரிப்பாசன நெல் விளைந்த இந்த ஊருக்கு வந்தது.

இங்கே வந்தபிறகு நகை நிலமானது. பெட்டியில் பட்டா, கிரயப் பத்திரம், ஜாதகம், ரேஷன் கார்டு எல்லாம் ஏறின. பழைய பாரிஸ் பூட்டின் சாவி ஏதோ ஒரு பொங்கலுக்குச் சுத்தம் செய்தபோது காணாமல் போனது. அம்மாவின் அப்பா ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு முன்பக்கம் நேராக வினியரைத் துளைத்து, இரும்புக் கொண்டியும் நாதாங்கியும் அடித்து, திண்டுக்கல் பூட்டுப் போட்டுவிட்டார்.

பழம்பொருள் வியாபாரி எவரும் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். முத்துச்சிப்பிக்குக் கீழே துருப்பிடித்த நான்கு ஆணிகள். விலையில் பாதி அங்கேயே போய்விட்டது. நானும் முதலில் ‘பிற்காலச் சிதைவு, நீக்கலாம்’ என்றுதான் எழுதினேன்.

“அது எப்ப அடிச்சதும்மா?” என்று கேட்டேன்.

“தொண்ணூறுல. நிலம் போவுதுன்னு பேச்சு வந்தப்போ. பத்திரத்த யாராச்சும் மாத்திடுவாங்களோன்னு எங்கப்பாவுக்கு பயம். ராத்திரி தலமாட்டுல வெச்சுக்கினு தூங்கும். அப்புறம் நிலம் போச்சு, பத்திரமும் போச்சு. பூட்டு மட்டும் இருக்குது.”

நான் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினேன்: ‘முன்பக்கம் இரும்புக் கொண்டி, நாதாங்கி, 1990களின் சேர்க்கை, நிலப் பத்திரங்களைக் காக்க உரிமையாளரின் தந்தை பொருத்தியது, நீக்கக் கூடாது.’ இந்த ஊர் நெல்வயலிலிருந்து தொழிற்பேட்டையாக மாறியதைப் பற்றி எத்தனையோ கோப்புகள் இருக்கும். ஒரு விவசாயி அந்த வருடங்களில் எப்படித் தூங்கினார் என்பதற்கு இருக்கிற பதிவு இந்த நான்கு ஆணிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரத்தூளும் பசையும் குழைத்து ஓட்டையை அடைத்து, மேலே பி.யூ. அடித்தால் இரண்டு நாளில் புதுசாகிவிடும். அந்த ராத்திரிகளும் அதோடு போய்விடும்.

*

சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியை நான் அவ்வளவு சுலபமாக விடாததற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊர் உறையூர். என் தாத்தா சுருட்டுச் சுருட்டியவர். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்கிறார்களே, அது நம் ‘சுருட்டு’தான். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதைத் தமிழ்ச் சொல் என்றே பதிவு செய்கிறது. அடுத்த வருடம் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகனுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குத் திருச்சிச் சுருட்டு அங்கே புழக்கத்தில் இருந்தது. 1863இல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்பென்சர் கம்பெனி பிறகு திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே நடத்தியது.

சாம்பலை அடையாளம் கண்ட துப்பறிவாளர் உலகப் புகழ் பெற்றார். சுருட்டிய கையை யாரும் அடையாளம் காணவில்லை. ஈரம் தெளித்துப் பதப்படுத்திய இலையைப் பாட்டி மடியில் வைத்து நடுநரம்பைக் கிழித்தெடுப்பார். தாத்தா பலகையின் மேல் உள்ளிலையை உருட்டி, மேலிலையைச் சுற்றி, பசை தொட்டு ஒட்டி, கத்தியால் இரு முனையையும் நறுக்குவார். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. முதலாளி வீட்டில் எண்ணும்போது சரியில்லாததை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது, சுருட்டும் திரும்பி வராது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களின் வேலை நிலைமைக்கென்று ஒரு சட்டம் வந்தது 1966இல்தான். அதற்குள் தாத்தாவுக்கு இருமல் முற்றிவிட்டது.

அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியது ஒரு சுருட்டுப் பெட்டி. லேசான பலகையில் செய்தது, சரக்கு ஏற்றி அனுப்புகிற சாதாரணப் பெட்டி. பாட்டி அதில் பொத்தானும் ஊசியும் போட்டு வைத்திருந்தார். மூடியின் உட்பக்கம் தாத்தா பென்சிலால் எண்கள் எழுதியிருந்தார். எத்தனை ஆயிரம் கொடுத்தோம், எத்தனை கழிந்தது என்ற கணக்காக இருக்கலாம். நான் கல்லூரியில் படித்தபோது வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அந்தச் சமயத்தில் நானேதான் அந்தப் பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, பேனா வைக்க மேஜைமேல் வைத்தேன். அழகாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

அதே வருடம் வகுப்பில் முதன்மை ஆவணம், இரண்டாம் நிலை ஆவணம் என்று பாடம் நடந்துகொண்டிருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். வீட்டில் என் தாத்தா கைப்பட எழுதிய ஒரே ஆவணத்தைத் தூளாக்கி முறத்தில் அள்ளிக் கொட்டியிருந்தேன் என்பது வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.

*

பெட்டி லியோனுக்குப் போக முடியுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது.

முடியாது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. 1972ஆம் வருடத் தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத வயதும் வரலாற்று மதிப்பும் உள்ள பொருள் தொல்பொருள். அதைத் தனிநபர் ஏற்றுமதி செய்வதற்குத் தடை. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. அந்தப் பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்க வேண்டும். இந்தப் பெட்டிக்கு அப்படிச் சான்று கேட்கப் போனால் நாமே பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு ஈட்டி மரம் வேறு. 2017 ஜனவரியிலிருந்து ஈட்டியின் பேரினம் முழுவதும் ‘சைட்ஸ்’ என்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. பிரேசில் ஈட்டிக்கு 1992லேயே இன்னும் கடுமையான தடை வந்துவிட்டது. பாரிஸ் தச்சர்கள் பிரேசில் ஈட்டியையும் பயன்படுத்தினார்கள், இந்திய ஈட்டியையும் பயன்படுத்தினார்கள். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அவங்க ஊர்ல செஞ்சது, அவங்க ஊருக்குப் போவக் கூடாதா?”

“கூடாதும்மா.”

“எங்கம்மா காலத்துல சாவடிய எடுத்ததும் வந்துச்சு. இப்ப சாவடிய எடுக்கல, அதான?” என்று சிரித்தார். பிறகு, “சரி, பாலிஷாவது போட்டுக் குடு” என்றார்.

அப்போதுதான் கொண்டியைப் பற்றி எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். காபி வட்டத்தைப் பற்றியும். “அது எங்கம்மாவாத்தான் இருக்கும். புதுச்சேரிக் காபி இல்லாம அதுக்கு விடியாது” என்றார். வட்டத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பாலிஷ் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

செய்ய வேண்டியதை மட்டும் செய்தோம். எழும்பிய பித்தளைக்கு அடியிலும், விட்டுப்போன வினியருக்கு அடியிலும் புதிதாகக் காய்ச்சிய வஜ்ஜிரத்தை ஊசியால் செலுத்தி, பலகை வைத்து இறுக்கி ஒரு இரவு விட்டோம். ஃபெவிகால் போட்டிருந்தால் பிடிப்பு இதைவிட உறுதியாக இருந்திருக்கும். ஆனால் நாளைக்கு யாராவது அதைப் பிரித்துச் சரிசெய்ய நினைத்தால் மரத்தோடுதான் பிய்ந்து வரும். வஜ்ஜிரம் கொஞ்சம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வழிவிடும். அடுத்தவருக்கு ஒரு வாய்ப்பை மிச்சம் வைக்கிற பசை அது. மற்றபடி தூசியைத் துடைத்தோம். அரக்கைத் தொடவில்லை. துளைகளை அடைக்கவில்லை.

அறிக்கை நான்கு பக்கம் வந்தது. கடைசியில் பரிந்துரை என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: ஏசி அறை வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். தரையில் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை கறுப்புப் பேப்பரில் வைத்துப் பார்க்கவும். மேலே சூடான டம்ளர் வைக்க வேண்டாம். கடைசி வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கழித்து ஒருநாள் டீக்கடையில் அம்மாவைப் பார்த்தேன். பெட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். நடு அறை அலமாரியில், காற்று வருகிற இடத்தில் இருக்கிறதாம். மகனிடம் வீடியோ காலில் காட்டினாராம். “அவன் கொழந்த கேக்குது, உள்ள இன்னா இருக்குன்னு.”

“என்னம்மா வெச்சிருக்கீங்க?”

“நீ குடுத்த ரிப்போர்ட்டுதான். வேற எங்க வெக்கிறது அத?”

பூட்டியும் வைத்திருக்கிறாராம். திண்டுக்கல் பூட்டுதான்.